வராத பிள்ளைகளோடு பேசிய டீச்சர்

அரசுப் பள்ளி ஆசிரியர்களை வைத்து நான் எடுக்கும் நகைச்சுவைத் தொடருக்காக, இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர்களே எனக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள்.

சால்வை போட்டு முடிந்ததும், தேவதானத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க கிரேஸ் டீச்சர ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதே என்றேன்.

"பொறவு எப்படி எடுத்திய? அட்டெண்டன்ஸ் எடுக்கையில பிள்ளை வரலைன்னா, காலி எடத்தப் பாத்து 'நாளைக்கு வந்துரு, என்ன?'ன்னு கேப்பாவ. பதில் வந்த மாதிரி செத்த நேரம் நின்னு தலையாட்டுவாவ. அவிய செத்து எம்புட்டோ வருஷமாச்சு."

தொடரில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த காட்சி அது. ஆனால் அதை நான் எழுதவில்லை. டீச்சராக நடித்த நடிகை தானாகச் செய்தார், நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

மண்டப வாசலுக்கு வந்து நடிகைக்கு போன் போட்டேன். அதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ன சார் விளையாடுறீங்க? டேக்குக்கு முன்னாடி நீங்கதான காலி பெஞ்சுகிட்ட நின்னு செஞ்சு காட்டுனீங்க? எல்லாரும் பாத்தோமே!"

எனக்கு அப்படி ஒரு நினைவே இல்லை.

திரும்பிப் போய் அந்த டீச்சரிடம் சொன்னேன். அவர் பயப்படவில்லை. கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர் வேற ஏதும் சொன்னாவளா தம்பி?"

சால்வையைக் கிரேஸ் டீச்சர் வீட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

அவரிடம் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்: கிரேஸ் டீச்சர் கோபக்காரரா? திங்கட்கிழமை மறுபடி படப்பிடிப்பு.