ஆசீர்வாதம் சொல்லாத ஜெபம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை நடந்தது இது. இடம், பாறசாலைப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில் கிடக்கும் காரோடு என்ற ஊர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கணவர் பேர்ஷியாவில் இருந்தார். வளைகுடாவில் எந்த நாடானாலும் எங்கள் ஊரில் அது பேர்ஷியாதான். நானும் இரண்டு வயது மகளும் அவருடைய அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். எனக்கென்று தனியாக ஓர் அடுப்புகூடக் கிடையாது. அது எவ்வளவு பெரிய குறை என்று கூட்டுக் குடும்பத்தில் இருந்த பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ரோட்டோரமாக இருபத்தைந்து சென்ட் நிலம் எங்கள் பெயருக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவர் ஏர்மெயில் தாளில் வீட்டுப் படமே வரைந்து அனுப்பியிருந்தார். எங்கே வாசல், எங்கே அடுக்களை என்று எடுத்து எடுத்துப் பார்த்ததில் அந்தத் தாள் மடிப்போடு கிழிந்துவிட்டது. படத்தில் ஒரே ஒரு சிக்கல். அவர் கேட் போட்டிருந்த இடத்தில் ஒரு குடிசை இருந்தது.

அதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு விதவை தனியாக இருந்தார். வயல்வேலை, ஓலை முடைதல், கூப்பிட்ட வீட்டில் கூலிவேலை. இப்போது 'அவர்' என்று மரியாதையாக எழுதுகிறேன். அன்று என் வயதுக்காரிகள்கூட அவரைப் பெயர் சொல்லி, நீ, வா, போ என்றுதான் பேசுவோம். அவர் எங்களைக் கொச்சம்மா, அதாவது சின்ன எஜமானி என்பார். இத்தனைக்கும் நாங்கள் ஒரே சபை. ஞானஸ்நானம் ஒன்று, உட்காரும் இடம் மட்டும் வேறு. எங்களுக்கு முன்பக்கம் பெஞ்சு, அவருடைய ஆட்களுக்குப் பின்பக்கம் பாய்.

அந்தச் சமயத்தில்தான் நிலச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் காலங்காலமாக இருப்பவர்களுக்கு, குடிசை நிற்கும் இடத்தோடு பத்து சென்ட் சொந்தமாகும். குடிகிடப்பு என்பார்கள். நிலம் கைமாறினாலும் அந்த உரிமை போகாது. இந்த அம்மாள் மனு போட்டிருந்தார். நெய்யாற்றின்கரையிலிருந்து அதிகாரி வந்து பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். அவர் வரும்போது குடிசை நிற்க வேண்டும். இல்லையென்றால், நான் இங்கேதான் இருந்தேன் என்று காட்ட அந்த அம்மாளிடம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. வியாழக்கிழமை நாலு மணிக்கு வருகிறார் என்று தகவல் வந்தது.

என் கணவரின் அண்ணனை நான் அத்தான் என்பேன். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். என் பிரசவத்துக்கு வாடகை வண்டி பிடித்து ஓடியவர் அவர்தான். சபைக் கமிட்டியில் இருந்தார். ஒரு நாள்கூட ஜெபம் இல்லாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். அவர்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மக்கா, வியாழாச்சை அவளை இஞ்ச மரச்சீனி வாட்டுக்குக் கூப்பிட்டு நிறுத்து. நாலு மணி வரை விடாதே. பாக்கி நான் பாத்துக்கிடுவேன்."

பாக்கி என்னவென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் புரியாமல் இல்லை. மத்தியானத்துக்கு மேல் நாலு ஆட்கள் கடப்பாரையும் கயிறுமாகப் போவார்கள். ஓலைக் குடிசை பிரிக்க அரைமணி நேரம் போதும். தலையாட்டிவிட்டு வந்து, கிழிந்த படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நடுவில் இன்னொன்று நடந்தது. எங்கள் சபையில் வீட்டு ஜெபம் முறை வைத்து நடக்கும். இந்த வாரம் இந்த வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு. ஞாயிறு ஆராதனையில் வாசித்துவிட்டால் அது மாறாது. குடிசைகள் மட்டும் அந்த வரிசையில் என்றைக்கும் இருந்ததில்லை. சபையை நடத்தப் புதிதாக வந்த உபதேசியார் பழைய நோட்டைத் தூக்கி வைத்துவிட்டு, வழிநெடுக நடந்து, அடுப்புப் புகைகிற இடத்தையெல்லாம் வீடு என்று எழுதிவிட்டார். குடிசைகளில் கஞ்சி குடிக்கிறார், பின்னால் பாயில் போய் உட்காருகிறார் என்று அவர்மேல் ஏற்கெனவே புகைச்சல் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்று, வியாழன் மாலை ஐந்து மணி ஜெபம் என்று அந்த அம்மாளின் பெயரை வாசித்தார். பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. அத்தான் மட்டும் சிரித்தார். வியாழன் ஐந்து மணிக்கு அங்கே வீடே இருக்காதே.

வியாழன் காலை எட்டு மணிக்கு அந்த அம்மாள் வந்தார். மரச்சீனி வாட்டு, அதாவது மரவள்ளிக்கிழங்கை அவித்து உலர்த்துவது, லேசில் முடியாத வேலை. தோல் சீவி, அரிந்து, அண்டாவில் வேகவிட்டு, பாறையில் கொண்டுபோய்க் காயப்போட வேண்டும். ஓர் ஆளை நாள் முழுக்க நிறுத்த அதைவிட நல்ல வேலை கிடைக்காது. வந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டே கேட்டார்:

"கொச்சம்மா, இண்ணைக்கு எனக்க வீட்டிலே ஜெபம் ஆக்கும். ரெண்டு பாய் உண்டா? நாளைக்கு காலத்தே கொண்டு தாறேன்."

விடியுமுன்னே தரை முழுக்கச் சாணி மெழுகியாயிற்றாம். உபதேசியார் உட்கார ஒரு ஸ்டூலும் ஓரிடத்தில் சொல்லி வைத்தாயிற்றாம். இத்தனை வருஷத்தில் அவர் வீட்டுக்குள் பைபிளோடு ஒருவரும் வந்ததில்லை. கொஞ்சம் முன்னாடியே விட்டால் ஒரு முறை குளிக்கலாம் என்றார். நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

ஒன்பது, பத்து, பதினொன்று. அவருக்கு இன்னும் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்ற அவசரம். விரல் அறுபடுமோ என்று பயமாக இருந்தது, அப்படி அரிந்தார். நான் அவரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று புதிது புதிதாக மூட்டை அவிழ்த்துப் போட்டேன். ஒரு மணிக்கு அவர் அண்டாவை இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொச்சம்மாவும் வரணும் கேட்டியளா" என்றார்.

அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடிசையைப் பிரிக்கப் போகிறார்கள், உன்னை இங்கே நிறுத்தியதே அதற்குத்தான், நிறுத்தியது நான்தான் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவினார்.

"நேத்தே சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனே, கொச்சம்மா" என்றார். பிறகு ஓடினார்.

நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். அவர் இல்லை. அதிகாரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பெரிய வீடுகளில் யாராவது சாப்பாட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள் என்று, அவரை நேராக அழைத்துவர உதியன்குளங்கரை சந்திப்புக்கே போய்விட்டாராம். உபதேசியார் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கேட்டதும் ஈரக் கையோடு உள்ளே போய்ப் பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்து வந்தாள்.

"அஞ்சு மணிக்குன்னு வாசிச்ச ஜெபத்தை ரெண்டு மணிக்குத் தொடங்கினா கர்த்தர் வேண்டாம்னா சொல்லுவாரு? வாருங்க."

வழியில் கண்ட பெண்களையெல்லாம் கூப்பிட்டாள். பெரிய வீட்டுப் பெண்கள் தலைவலி என்றார்கள், வேலை என்றார்கள். குடிசைகளிலிருந்து நாலு பேர் வந்தார்கள். குடிசைக்குள் ஏழு பேர், என் மகள் எட்டாவது. மெழுகிய சாணி மணத்தது. முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் வெளியே கடப்பாரை கல்லில் தட்டும் சத்தம் கேட்டது.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வீட்டு ஜெபம் தொடங்கிவிட்டால், கடைசியில் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. சண்டைக்காரர்கள்கூட வாசலில் காத்திருப்பார்கள். அதுவும் அத்தான் கமிட்டிக்காரர். ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்த நாலு பேரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. இன்னொரு பாட்டு. வேதபாடம், அதுவும் நீளமான அதிகாரம். மூன்று மணி. பிறகு சங்கிலி ஜெபம், அதாவது வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்பது. அத்தான் வாசலுக்கே வந்து குனிந்து, "போதும், ஆசீர்வாதம் சொல்லி முடியுங்க" என்றார், தாழ்ந்த குரலில். உபதேசியார் மனைவி கண்ணைத் திறக்கவில்லை. என் தோளைத் தொட்டாள். என் முறை.

நான் அதுவரை நாலு பேர் கேட்க ஜெபித்ததில்லை. வாசலில் அத்தானின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"கர்த்தாவே, இந்த அக்காளை காலத்தேயிலிருந்து எனக்க வீட்டிலே நிறுத்தினது நானாக்கும். தெரிஞ்சேதான் நிறுத்தினேன்."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அத்தானின் கால் பின்னால் நகர்ந்தது. அடுத்தவர் ஜெபித்தார், அதற்கடுத்தவர் ஜெபித்தார். வட்டம் முடியப் போகிறது, இனி என்ன செய்வது என்று நாங்கள் திகைத்த நேரத்தில், வெளியே முற்றத்திலிருந்து ஓர் ஆண் குரல் சங்கிலியைத் தொடர்ந்தது. கடப்பாரையோடு வந்த நால்வரில் ஒருவர். எட்டிப் பார்த்தேன். மண்ணில் மண்டியிட்டிருந்தார். தன் வீடும் இதே மாதிரி ஒரு வீடுதான், அதையும் நினைத்தருளும் ஆண்டவரே என்றார். அவர் வீடு இருந்தது அத்தானின் நிலத்தில்.

அதிகாரி நாலு மணிக்கு வரவில்லை. நாலரை ஆயிற்று. குரல் கம்மிவிட்டது. மகள் பசியில் சிணுங்கினாள். அத்தான் ரோட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஐந்து மணி நெருங்கும்போது உபதேசியாரும், குடையும் ஃபைலுமாக அதிகாரியும் நடந்தே வந்தார்கள். பஸ் வழியில் நின்றுவிட்டதாம்.

அதிகாரி குடிசையைச் சுற்றிவந்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிலத்துக்காரர் யார் என்று மலையாளத்தில் கேட்டார். அத்தான் சிறிதும் தயங்காமல் என்னைக் கைகாட்டினார். நிலம் தம்பியுடையது, அவன் பெண்டாட்டி அங்கே நிற்கிறாள், அவளையே கேளுங்கள் என்றார். குடும்பத்துக்கு எதிராக நான் வாய் திறக்க மாட்டேன் என்று அப்போதும் நம்பினார்.

"ஆக்ஷேபம் உண்டோ?" என்றார் அதிகாரி.

பொய் சொல்கிறேனென்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்கு வேத வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கேட்தான் வந்தது. தனி அடுப்பு வந்தது. கணவரின் முகம் வந்தது. இவ்வளவு ஜெபித்த பிறகும் இதெல்லாம்தான் வந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை. நாங்க இந்த நிலம் வாங்கும்போவே இவங்க இஞ்ச உண்டு" என்றேன். எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டேன்.

அந்த அம்மாளுக்குப் பத்து சென்ட் கிடைத்தது. உபதேசியாரை அந்த வருஷமே பெருங்கடவிளைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கமிட்டி சும்மா இருக்குமா? அத்தான் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். கணவரிடமிருந்து மூன்று மாதம் கடிதமே வரவில்லை. தினமும் தபால்காரர் கடந்து போகும்வரை வாசலில் நிற்பேன். பிறகு ஒன்று வந்தது, நலம் விசாரித்து நாலே வரி. இரண்டு வருஷம் கழித்து அவர் வந்து, மீதி பதினைந்து சென்ட்டில் வீடு கட்டினார். கேட் வைத்தது பக்கத்துச் சந்தில். கடைசிவரை, காரைத் திருப்பும்போதெல்லாம் முணுமுணுப்பார். ஆனால் வேலிக்கு அப்பால் இருந்த அந்த அம்மாளை அக்கா என்றுதான் கூப்பிட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த அக்காள் சாகும்வரை எங்கள் பக்கத்து வீடு. என் பிள்ளைகள் அவர் மடியில் வளர்ந்தார்கள். அந்தக் காலைப் பொழுதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் இரண்டு தடவை தொடங்கினேன். இரண்டு தடவையும் எழுந்து போய்விட்டார். அவருக்குக் கேட்க விருப்பமில்லையா, கேட்டால் வலிக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

பெண்கள் கூட்டங்களில் என்னை இதைச் சொல்லச் சொல்வார்கள். தைரியசாலி என்று பாராட்டுவார்கள். எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை விட்டுவிட்டுச் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று, அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். எழுபது வயது தாண்டிவிட்டது. இன்றும் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால், யாரை எங்கே நிறுத்தி வைத்துவிட்டு நான் இங்கே வந்து மண்டியிட்டிருக்கிறேன் என்ற கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது.