ஒன்றாம் தேதி வசனம்

மாடம்பாக்கத்து ஞானஜோதியின் முகத்தைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். குரலைக் கேட்காதவர்கள் குறைவு. கீழ்க்கட்டளையில் துரைராஜ் நடத்தும் குடிநீர் மெஷின் சர்வீஸ் கம்பெனியில் போன் செய்கிற வேலை அவளுக்கு. "சார், உங்க ஃபில்டர் மாத்துற டைம் வந்துடுச்சு, நாளைக்கு ஆள் அனுப்பட்டா?" என்று அவள் கேட்டால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நினைத்திருந்தவர்கூட சரி என்றுவிடுவார். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஃபில்டர் படுகிற பாடு ஊருக்கே தெரியும். யார் வீட்டில் எப்போது மாற்ற வேண்டும் என்பது தெரிந்தால் போதும், முதலில் போன் செய்கிறவருக்கே வேலை. அந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதிக்கென்று அவர்கள் சர்ச்சில் பாஸ்டர் பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் கொடுப்பார். அதைப் பூப்படத்தின்மேல் போட்டு, காலைக் காபிக்குப் பால் வைக்கும்போதே, போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவாள். எந்தக் கோயிலுக்குப் போகிறவர், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. கஸ்டமர்களும் பதிலுக்குக் கும்பிடு போட்டு அனுப்புவார்கள். நல்ல வார்த்தை யாருக்குக் கசக்கும்?

கம்பெனி கேளம்பாக்கம் பக்கம் இடம் மாறியதும் ஞானஜோதி வேலையை விட்டாள். பஸ்ஸில் போய்வந்தே இடுப்பு ஒடிந்துவிடும்போல இருந்தது. கேக் வெட்டித்தான் வழியனுப்பினார்கள். வளையல்களை அடகு வைத்து, முனிரத்தினம் என்ற மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு கடை போட்டாள். போன் அவளுடைய பழைய போன்தான், நம்பர்களும் அதிலேயே இருந்தன. வாட்ஸ்அப்பில் மட்டும் தன் பெயரை எடுத்துவிட்டு 'ஜோதி வாட்டர் சர்வீஸ்' என்று கடைப் பெயரும் விலாசமும் போட்டாள். வந்தது வினை!

அடுத்த மாத வசனம் அந்தப் பெயரோடு துரைராஜின் கஸ்டமர்கள் எல்லோருக்கும் போயிற்று. "அட, தனியா ஆரம்பிச்சுட்டீங்களா? நம்ம வீட்டுக்கும் வாங்க" என்று சிலர் கூப்பிட்டார்கள். போனாள். அதோடு நிற்காமல், ஃபில்டர் தேதி மனப்பாடமாக இருந்த சில வீடுகளுக்குத் தானே போனும் செய்தாள். செய்தது செய்ததுதான், அதை மழுப்பிப் பிரயோஜனமில்லை.

துரைராஜுக்கு வயிறு எரியாதா? கேஸ் போட்டுவிட்டார். ஒரு நாள் முனிரத்தினம் கடைக்குள் ஓடிவந்தான். "அக்கா, கோர்ட்டுலேர்ந்து ஆள் வந்துகீறாரு. இன்னான்னே புரியல, பேஜாரா கீது!"

வந்தது இடைக்காலத் தடை உத்தரவு. பழைய கம்பெனியின் கஸ்டமர் விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது; அவர்களை எந்த விதத்திலும் தொடர்புகொள்ளக் கூடாது. "நான் என்ன திருடியா?" என்று ஞானஜோதி தன் கணவர் ஆஸ்டினிடம் அழுதாள். தாம்பரத்து வக்கீல் ரேஷ்மா சின்னப் பெண்ணானாலும் கறாராகச் சொன்னாள்: "ஆன்ட்டி, அந்த நம்பர் எதுக்கும் ஒரு ஹலோகூடப் போகக் கூடாது. மீறினா ஜெயில் வரைக்கும் போகலாம்."

ஞானஜோதி போன் செய்வதை அடியோடு நிறுத்தினாள். ஆனால் ஒன்றாம் தேதி வந்ததே! அடுப்பில் பால், கையில் போன். வசனம் போய்விட்டது. அதுவும் 'தொடர்பு'தான் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது வியாபாரமே கிடையாது, ஜெபம் பண்ணுகிற மாதிரி.

"ஆன்ட்டி, என்ன பண்ணி வச்சிருக்கீங்க!" என்று மறுநாள் ரேஷ்மா போனில் கத்தினாள். தடையை மீறியதற்குத் தண்டனை கேட்டுக் கம்பெனி வக்கீல் மனு போட்டுவிட்டார். விசாரணைக்குச் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு ரயில் ஏறினாள் ஞானஜோதி. ஜெயில் என்ற சொல் தன் குடும்பத்தில் யார் வாயிலும் வந்ததில்லையே என்று நினைத்து நினைத்து மருகினாள்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் கடைப் பெயர், விலாசம், நம்பர் எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். "இது விளம்பரம் இல்லையா?" என்று நீதிபதி கேட்டார். ரேஷ்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பெயர் அச்சடித்ததுபோல் நிற்கும்போது என்ன சொல்லி என்ன?

அப்போது பின்வரிசையிலிருந்து துரைராஜ் எழுந்தார். "ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா?" அவருடைய வக்கீலே திரும்பி, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"இந்த மெசேஜ் எனக்கும் வந்துச்சுங்க. எங்கிட்ட வேலை பார்த்தப்பவும் மாசாமாசம் வரும். நான் பதில் போட்டதில்ல, ஆனா படிப்பேன். இவங்க என் கஸ்டமரை இழுத்தாங்க, அதுக்குத்தான் கேஸ் போட்டேன். அது நடக்கட்டும். ஆனா இது ஆள் பிடிக்க அனுப்பினது இல்ல. இதுக்காக இந்தம்மாவை உள்ளே வைங்கன்னு நான் கேட்டா அது பொய்யாயிடும்."

ஞானஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தண்டனை மனு அங்கேயே வாபஸ் ஆனது. பழைய நம்பர்களை அழித்துவிடுவதாக எழுதிக் கொடுத்தாள். தடை உத்தரவு மட்டும் அப்படியே நீடித்தது. வெளியே வந்து கும்பிட்டபோது துரைராஜ் முகம் கொடுக்கவில்லை. "நன்றியெல்லாம் வேணாம்மா. என் கஸ்டமரை விட்டுடுங்க, போதும்" என்று காரில் ஏறிவிட்டார்.

அவர் வேண்டாம் என்றால் விடுகிறவளா இவள்? கடையில் பாதி வேலை போய்விட்டது, முனிரத்தினம் புது அபார்ட்மென்ட்டுகளில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு அலைகிறான். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறோமே, அது யாரால் என்று அவளுக்கு மனசு நிறைந்து வழிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், நன்றி சொல்லிப் போடுகிற ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் காரணம் எழுதிப் போட்டாள். பாஸ்டர் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பது அங்கே வழக்கம். பேரன் பிறந்ததற்காக. வீட்டு லோன் கிடைத்ததற்காக. அடுத்த கவரை எடுத்தவர், "என் மேல் கேஸ் போட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சபையே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த ஞானம்மாள் அவள் தொடையைக் கிள்ளினாள். "ஏ ஜோதி, கேஸ்லேர்ந்து காப்பாத்தினதுக்காகன்னு எழுத வேண்டியதை மாத்தி எழுதிட்டியா?"

"இல்லக்கா, சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் ஞானஜோதி, பாஸ்டர் காதிலும் விழும்படி.

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார்: "என் மேல் கேஸ் போட்ட துரைராஜ் சாருக்காக."