இருபத்து நான்கு தூண்கள்

நிமிர்ந்து நடந்தால் உத்தரம் தலையில் இடிக்கும் அந்தத் தளத்தில், அக்கா முழங்காலூன்றி இருந்து, குத்தூசி ஒன்றைத் தூணின் அடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். ஊசி கால் அங்குலம்கூட இறங்கவில்லை. "இரும்பு மாதிரி இருக்கு" என்று சொல்லிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெப்ரவரி மாதம். பேசினால் வாயிலிருந்து புகைபோல ஆவி வந்தது.

அக்கா எனக்கு உறவில்லை. ரொறன்ரோவில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் என்னோடு படம் கீறியவர். யாழ்ப்பாணத்தில் கட்டடங்களைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டவர்; அவருடைய சான்றிதழை இங்கே யாரும் மதிக்கவில்லை. ஸ்காபரோவிலிருந்து ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவோம்.

நாங்கள் அளந்தது ஒரு பழைய மால்ட் சாலை. பீர் காய்ச்சுவதற்காகப் பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூளையில் உலர்த்திய இடம். இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றிலிருந்து வந்த தச்சர்கள் தங்கள் ஊர் முறையிலேயே கட்டியது. தானியத்தை மெல்லிய படுக்கையாகப் பரப்பினால் போதும் என்பதால் தளங்கள் தாழ்வானவை. முளைக்கும் பார்லிக்கு அளவாகக் காற்றுவிட, சிறிய ஜன்னல்களுக்கு மரக்கதவுகள். சட்டகம் முழுவதும் ஓக் மரம். பொருத்துகளில் ஆணி கிடையாது, மர முளைகள்தான். ஒவ்வொரு பொருத்திலும் உளியால் வெட்டிய இலக்கம். நிலத்தில் வைத்து வெட்டி, இலக்கம் பார்த்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். அந்த இலக்கங்களை அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தார். விறைத்த விரல்களோடு மூன்று நாட்கள் இருபத்து நான்கு தூண்களையும் சோதித்தார். கூரை ஒழுகிய மூலையில் மட்டும் இரண்டின் அடி உக்கிப் போயிருந்தது.

கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடிக் கொண்டோ எழுப்ப உரிமையாளருக்கு ஆசை. தூண்கள் பழுதென்றால்தான் நகரசபை இடிக்க விடும். எல்லாத் தூண்களும் பழுது என்று படத்தில் காட்டும்படி எங்கள் முதலாளி சொன்னார். அக்கா ஆங்கிலத்தில் ஒரே வசனத்தில் மறுத்துவிட்டு, என்னிடம் தமிழில் முடித்தார். "இரண்டு தூண் உக்கினது. இரண்டெண்டுதான் கீறுவன். வேணுமெண்டா என்னை நிப்பாட்டட்டும்."

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். படம் என் மேசைக்கு வந்தது. மனைவியையும் மகளையும் கொழும்பிலிருந்து கூப்பிட விண்ணப்பித்திருந்தேன்; அதற்கு வேலை வேண்டும். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருபத்து நான்கு தூண்களையும் பழுதென்று கறுப்படித்தேன்.

மூன்று கிழமை கழித்து நகரசபையில் பொதுக்கூட்டம். முதலாளி என் படத்தைச் சுவரில் மாட்டி விளக்கினார். பொதுமக்கள் வரிசையிலிருந்து அக்கா எழும்பினார். ஊத்தையான குறிப்புப் புத்தகத்தைத் திறந்து முதலாம் தூணிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நேரம் முடிந்தது என்று தலைவர் இருமுறை சொன்னார். அக்கா குரலை உயர்த்தி இருபத்து நான்காம் தூண்வரை வாசித்த பிறகே நிறுத்தினார். "அப்படியென்றால் இந்தப் படத்தை யார் கீறியது?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழும்பினேன்.

"நான்தான். அது பிழை. அவர் சொல்வதுதான் சரி" என்றேன். என் ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வந்தது.

வெளியே அக்கா என்னைப் பாராட்டவில்லை. "மூண்டு கிழமை பிந்திப்போட்டீர்" என்றார். பிறகு, "வாரும், பஸ் வரப்போகுது" என்றார்.

என் வேலையும் போயிற்று. குடும்பம் வந்து சேர மேலும் இரண்டு வருடமானது. அந்த இரண்டு வருடத்தின் கனம் எனக்குத் தெரியும். சபை தன் பொறியியலாளரை அனுப்பியது. அவரும் இரண்டு தூண்கள்தான் என்று எழுதினார். அவற்றின் அடியை மட்டும் வெட்டிப் புதுமரம் பொருத்தினார்கள். கட்டடம் நின்றது.

இப்போது அங்கே பிள்ளைகள் நடனம் பழகுகிறார்கள். வாசலிலுள்ள பலகையில் உரிமையாளரின் பெயரும், எங்கள் பழைய முதலாளியின் பெயரும் இருக்கின்றன, காப்பாற்றியவர்கள் என்று. அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தன் பெயரைப் போடச் சொல்லிச் சபைக்கு இதுவரை நான்கு கடிதம் போட்டுவிட்டார். இனியென்ன, விடுங்கோவன் என்று போனில் சொன்னேன்.

"ஏன் விடவேணும்? அளந்தது நான். அஞ்சாவதும் எழுதிப்போட்டன்" என்றார். "உம்மட பேரையும் போடச் சொல்லியிருக்கிறன். முதல் பிழையாக் கீறினவர் எண்டு."