அப்பா ஏலம் கேட்காத ஆடு

திரும்பி வந்துவிடும் என்று உறுதியாக நம்பி ஒன்றைக் கடவுளுக்குக் கொடுத்தால், அது கொடுத்ததாகுமா? ஒன்பது வயதில் நான் ஓர் ஆட்டை அப்படித்தான் கொடுத்தேன்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தாய் ஆடு ஈன்றதும் செத்துப்போக, தம்பி குடித்துக் கழித்த பால்புட்டியில் பாலூற்றி நான் வளர்த்த கிடாக்குட்டி அது. நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கூடம் வரை பின்னாலேயே வரும். டீச்சர் விரட்டினால் வாய்க்கால் கரையில் மேய்ந்துகொண்டிருந்துவிட்டு, மணி அடித்ததும் வாசலில் வந்து நிற்கும்.

சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் விளைச்சலில் ஒரு பங்கைப் பீடத்தின் முன் கொண்டுபோய் வைப்போம். ஆராதனைக்குப் பிறகு எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். வருகிற பணம் கோயிலுக்கு. அந்த வருடம் பண்டிகைக்கு முந்திய வாரம், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“பாப்பா, கருப்பட்டிய இந்த வருஷம் கோயிலுக்குக் குடுத்துடலாம்மா. அம்மா பொருத்தனை பண்ணியிருக்கேன்.”

நான் வாய் திறப்பதற்குள் அப்பா குறுக்கிட்டார். “அதுக்குப் பதிலா ரெண்டு கோழி குடுத்துட்டாப் போச்சு. புள்ள உசுரா வளர்க்குது.”

“நான் கோழின்னு சொல்லி வேண்டிக்கலைங்க” என்றார் அம்மா.

என்ன வேண்டுதல் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. “சரிம்மா, குடுத்துடலாம்” என்று உடனே சொல்லிவிட்டேன். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. மறுநாளே செய்தி கோயில் வரை போய்ச் சேர்ந்தது.

என் தாராளத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, ஏலத்தில் அவரவர் பொருளை அவரவரே கேட்டு எடுத்துக்கொள்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். முந்திய வருடம் நாங்கள் வைத்த பரங்கிக்காயை அப்பாதான் கேட்டு எடுத்து, தோளில் சுமந்து வந்தார். இரண்டாவது, ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை. மகனைப் பலியிட மலைமேல் கூட்டிப்போன தகப்பன், கத்தியை ஓங்கிய பிறகும், வேண்டாம் என்று வானத்திலிருந்து சத்தம் கேட்டு, மகனோடு வீடு திரும்பினான் அல்லவா? ஆகவே கருப்பட்டியும் மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்கு வந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பண்டிகையன்று ஆட்டின் கழுத்தில் சாமந்தி மாலை போட்டு நானே பீடத்தருகே நடத்திப்போனேன். போதகர் என்னைச் சபைக்கு முன் நிறுத்தி, உலகப் பற்றை விடுவது எப்படி என்று இந்தச் சின்னப் பிள்ளையிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏலத்தைப் போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார் நடத்தினார். பேராவூரணிச் சம்பந்தி வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்திருந்த தேங்காய்களைத் தட்டிப் பார்த்து, “சம்பந்தி குடுத்த காய், உள்ள பருப்பு இருக்கான்னு உடைச்சாத்தான் தெரியும்” என்று சிரிக்கவைத்தார். கடைசியாகத்தான் ஆடு வந்தது.

ஆடு ஏலத்துக்கு வருடந்தோறும் டவுனிலிருந்து கறிக்கடை பாய் ஒருவர் வருவார். உபதேசியார் விலையைத் தொடங்கியதும் அவர் என்னையும் கயிற்றையும் பார்த்தார். “பாப்பா வளர்த்த ஆடுங்களா? அப்ப வீட்டுக்காரவுங்க கேக்கட்டும், நான் இதுல வரல” என்று பின்னால் போய் நின்றுகொண்டார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை அசைத்தார், வேண்டாம் என்று.

“அப்பா, கேளுங்கப்பா” என்று அவர் வேட்டியை இழுத்தேன். அவர் குனியவே இல்லை.

“என்னண்ணே, நீங்க கேக்கலியா?” என்றார் பாய்.

“நீங்க கேளுங்க பாய்” என்றார் அப்பா.

பாய் தயங்கி ஒரு விலை சொன்னார். ஒருதரம் என்றபோதும் எனக்குப் பயமில்லை. ரெண்டுதரம் என்றபோதும் இல்லை. கதையிலும் கத்தி ஓங்கிய பிறகுதானே சத்தம் கேட்டது? மூணுதரம் என்று சொல்லிவிட்டு உபதேசியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பாய் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அவர் நீட்டிய அகத்திக்கொத்தைக் கடித்தபடியே கருப்பட்டி அவர் பின்னால் போயிற்று. அதற்கு என் மேல் அப்படியொன்றும் பற்று இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், வாய்க்கால் மதகருகே, நான் அழுதுகொண்டே அம்மாவிடம் கேட்டேன். “கடவுள் திருப்பிக் குடுத்துடுவாருன்னுதானேம்மா குடுத்தேன்.”

அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தை முந்தானையால் துடைத்து, “அவரு முன்னாடியே குடுத்துட்டாரும்மா” என்றார்.

ஆடு வருகிறதோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது. பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று அன்று முடிவு செய்துகொண்டு, ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அவரும் விளக்கம் சொல்லவில்லை.

சென்ற மழைக்காலத்தில் என் ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சல் முற்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். துணைக்கு வந்த அம்மா, வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்போதுதான் சொன்னார். அந்தப் பண்டிகைக்கு முந்திய ஐப்பசியில் எனக்கும் இப்படிக் காய்ச்சல் வந்து நினைவில்லாமல் கிடந்தேனாம். எனக்கு நினைவிருப்பதெல்லாம் யாரோ வாங்கி வந்த ஆரஞ்சுப் பழங்கள் மட்டும்தான்.

“அப்ப ஆட்டக் குடுக்கிறேன், இவளக் காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“பேரமெல்லாம் பேசலம்மா. டாக்டர் கைய விரிச்சாரு. உன்னக் கடவுளுகிட்டயே குடுத்துட்டேன், வச்சுக்கிட்டாலும் சரின்னு. நீ கண்ணு முழிச்சு கருப்பட்டி எங்கன்னு கேட்ட பாரு, அப்பத்தான் நன்றிக்கு அந்த ஆட்டச் சொன்னேன்.”

சபைக்கு முன் என்னை நிறுத்திப் பாராட்டிய அன்று, உண்மையில் கொடுத்துவிட்டிருந்த அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கொடுத்தது என்னை. இது தெரியாமல்தான் நான் தலை குனிந்து நின்றேன்.

என் மகள் பிழைத்து வந்துவிட்டாள். கடவுள் நல்லவர் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை, ஐயமெல்லாம் என்மேல்தான். அந்த வராண்டாவில் என் நகை, வேலை, கட்டிக்கொண்டிருக்கும் வீடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவள் பெயரைச் சொல்லி, வைத்துக்கொண்டாலும் சரி என்று மட்டும் சொல்ல வரவில்லை. இப்போதும் தினமும் காலை ஜெபத்தில் அவளை அவர் கையில் ஒப்படைக்கிறேன். ஸ்கூல் வேன் தெருமுனை திரும்புவதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுகிறேன்.

இதை வாசிக்கிற தாய்மார்களே, பிள்ளையை அப்படிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் அதே பிள்ளைக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி வளர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அதை எப்படிச் செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.