கண்டது, கேட்டது

என் மாமாவை அலுவலகத்தில் எல்லோரும் "கல்லு" என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக அல்ல. அவர் வேலையே கல்லைப் பார்ப்பதுதான். ஊருக்குப் பொதுவான நிலங்களைச் சுற்றி முன்னூற்றுப் பன்னிரண்டு எல்லைக்கற்கள் இருந்தன. வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கல்லுக்கும் நடந்து போக வேண்டும். மூடியிருக்கும் மண்ணையும் புல்லையும் தள்ளிவிட்டு, தலையில் சுண்ணாம்பு பூசி, எண்ணைக் கறுப்பு மையால் திருத்தி எழுதி, அடுத்த கல் வரை நாடா பிடித்து அளந்து, களப்புத்தகத்தில் ஒரு வரி எழுத வேண்டும். இருபத்தாறு வருடம் அவர் அதைத்தான் செய்தார்.

வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் என் அப்பா, "எங்க மச்சான் ஒரு புறம்போக்கு" என்பார். வந்தவர் முகம் மாறியதும், "புறம்போக்கு நில ஆபீஸ்ல வேலைங்க. நான் வேற ஒண்ணும் சொல்லல" என்பார். மாமா ஒவ்வொரு முறையும் சிரிப்பார். சிரிக்கும்போது வலது கையைப் பின்னால் வைத்துக்கொள்வார். சுண்ணாம்பு தின்ற கட்டைவிரல் எப்போதும் வெடித்து, நகத்தோரம் ரத்தம் கட்டியிருக்கும்.

களப்புத்தகத்தில் "நிலை" என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் அதில் ஒரு டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மாமா இரண்டு சொற்களில் ஒன்றை எழுதுவார். கல்லைத் தொட்டுப் பார்த்திருந்தால் "கண்டது". தண்ணீரோ முள்ளோ நாயோ தடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தால் "கேட்டது". கேட்டது என்றால் யாரிடம் கேட்டது என்று கீழே அவர் பெயரையும் எழுதுவார். இதெல்லாம் அவரே வைத்துக்கொண்ட முறை.

"டிக் போட்டா பத்தாதா கல்லு?" என்று மேலதிகாரி ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

"டிக்குக்குக் கண்ணு கிடையாதே சார்."

அலுவலகம் முழுக்க அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாம்.

மாமா கீழத்தெருவின் கடைசி வரிசையில் இருந்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போடும் இடம், அதற்கப்பால் இடுப்புயரச் சுவர். சுவரைத் தாண்டினால் பள்ளவெளி. ஒன்பது ஏக்கர் பொதுநிலம். மாடு மேய்வதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். மழை பெய்தால் மேட்டுத்தெருக்களின் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். பத்து நாள், பதினைந்து நாள் நின்று வற்றும். அங்கே நிற்பதால்தான் அது கீழத்தெருவுக்குள் வருவதில்லை. 

பள்ளவெளியின் மறுகரையில் ஒரு செங்கல் சூளை. சூளைக்காரர் தன் பக்கத்து ஓரத்தை உடைசெங்கல்லும் சாம்பலும் கொட்டி மேடாக்கி, செங்கல் காயவைக்கும் களமாக்கிக்கொண்டே வந்தார். எல்லையைக் காட்டவேண்டிய 187ஆம் எண் கல் எந்த வருடமோ பெயர்த்தெடுக்கப்பட்டு, பள்ளவெளிக்கு நடுவே நட்டு வைக்கப்பட்டது. அது இடம் மாறியிருப்பதை மாமாதான் கண்டுபிடித்தார். அறிக்கையும் கொடுத்தார். அறிக்கை மேலதிகாரியின் மேசை இழுப்பறையைத் தாண்டவில்லை. எட்டு வருடம் கழித்து, சூளைக்காரரே பாதிப் பள்ளவெளியைத் தன் பெயருக்கு எழுதித்தரச் சொல்லி மனுப் போட்டபோதுதான் இழுப்பறை திறந்தது.

சட்டம் நேரானது. ஆட்சேபணை நோட்டீஸ் கைக்கு வராமல் பத்து வருடம் ஒருவர் அனுபவித்த நிலம் அவருக்கு. பதினோரு வருடத்துக்கு முன் 187 தன் இடத்தில்தான் இருந்தது. மாமாவின் புத்தகம் சொல்கிறது, கண்டது. அடுத்த வருடம் பெருமழை, பள்ளவெளி முழுக்கத் தண்ணீர். கேட்டது; கீழே ஒரு மாட்டுக்காரர் பெயர். அதற்கும் அடுத்த வருடம், அதாவது ஒன்பது வருடத்துக்கு முன், மறுபடியும் கண்டது. எட்டு வருடத்துக்கு முன், இடம் மாறியுள்ளது. ஆக, கல் நகர்ந்து ஒன்பது வருடம்கூட ஆகவில்லை. கேட்டது மன்றத்தில் செல்லாது; ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஒரு வரி நின்றால் நிலம் ஊருக்கு. அந்த வரி விழுந்தால் சூளைக்கு.

விசாரணை மன்றத்தின் மொழி வேறு. மொழிபெயர்ப்பு என் தொழில்; களப்புத்தகங்களை அந்த மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. எழுதியவர் என் அம்மாவின் தம்பி என்று முன்கூட்டியே சொன்னேன். "நல்லதாப் போச்சு. அந்தக் கோழிக் கிறுக்கலை வேற யாரும் படிக்க முடியாது" என்றார் மேலதிகாரி.

ஒரு வாரம் அந்தப் புத்தகங்களோடு இருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் சுண்ணாம்புக் கறை. மண். வியர்வையில் கலங்கிய எழுத்து. ஒரு பக்கத்தில் நசுங்கிய எறும்பு. நாள்முழுக்க நடந்தவர் முட்டியில் வைத்து எழுதிய கோணல் வரிகள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில் 180 முதல் 192 வரையிலான பதின்மூன்று வரிகள் மட்டும் ஒரே பேனாவில், ஒரே சீராக, சுத்தமான தாளில் இருந்தன. பதின்மூன்றிலும் கண்டது. தேதியைப் பார்த்தேன். மாமாவின் மனைவி, என் அத்தை, இறந்ததற்கு மூன்று நாள் முன்னால்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். புத்தகத்தைப் பிரித்து முன்னால் வைத்தேன். அந்தப் பதின்மூன்று வரிகளைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படிக்காமலே கழற்றினார்.

"வார்டுக்குள்ள கட்டில் பக்கத்துல பெஞ்சு இருந்துச்சுல்ல பாப்பா? அங்க உக்காந்து எழுதினேன். மறுநாள் புத்தகம் ஒப்படைக்கணும். அவ கையை விட்டா முழிச்சுக்குவா. முன்ன அளந்ததை அப்படியே பாத்து எழுதிட்டேன்."

"கேட்டதுன்னு போட்டிருக்கலாமே மாமா?"

"யார்கிட்ட கேட்டேன்னு பேர் போடணுமே. இன்னொருத்தர் பேரைப் பொய்க்கு எழுத மனசு வரல. கண்டதுன்னா என்னோட போயிடும்."

வீட்டில் சொன்னபோது அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இருபத்தாறு வருஷம் வெயில்ல நடந்திருக்கான். பதிமூணு கல்லுக்கு நடக்கல. அதுக்கென்ன இப்ப? சாகக் கிடக்கறவளை விட்டுட்டுக் கல்லைப் போய்ப் பாக்கணுமா? வாயை மூடிக்கிட்டு இரு."

மற்ற மொழியில் மாமாவின் இரண்டு சொற்களுக்கும் நெருக்கமான சொற்கள் இருந்தன. இரண்டையும் சேர்த்து மூடிவிடுகிற ஒரு சொல்லும் இருந்தது. தமிழில் சொன்னால் "இருக்கிறது" என்று வரும். யார் பார்த்தார், எப்படித் தெரியும் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் இல்லை. இருபத்தாறு வருடப் பட்டியலுக்கும் அதையே போட்டேன். மாமாவிடம் படித்துக் காட்டினேன்.

"அதுல கண்டது இல்லையா?"

"இல்ல மாமா. கல்லு இருக்குதுன்னு மட்டும்."

"அப்ப டிக் மாதிரி" என்றார். கையெழுத்துப் போட்டார்.

விசாரணை ஒரு பழைய பள்ளி மண்டபத்தில் நடந்தது. மின்விசிறிகளில் ஒன்று ஓடவில்லை. கீழத்தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் அடுத்த வீட்டுத் தையல்காரம்மா கடையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் தொங்கும் அளவுநாடாவோடு அப்படியே வந்திருந்தார். "நம்ம கல்லு இருக்கறப்ப என்ன பயம்?" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

சூளைக்காரரின் வக்கீல் தமிழ் படிக்கத் தெரிந்தவர். மூலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு புரட்டினார்.

"ஐயா, இதென்ன, பக்கம் பூரா கண்டது, கண்டதுன்னு? கண்டதையும் எழுதி வச்சிருக்கீங்களே!"

மண்டபம் சிரித்தது. விசாரணை அதிகாரிக்கு அதை மொழிபெயர்க்க முடியாமல் மன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் தவித்தார். மாமாவும் லேசாகச் சிரித்தார்.

"கோவிச்சுக்காதீங்க. கண்டதுன்னா நீங்களே நேர்ல பாத்தது. சரிதானே?"

"தொட்டுப் பாத்தது."

"சரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி 187. அதையும் கண்டீங்க."

வக்கீலுக்கு எதுவும் தெரியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆமாம் என்று பதில் வரும் என்று நம்பி, அடுத்த கேள்விக்கான தாளை எடுக்கக் குனிந்தார். பிறகு பதில் வராததால் நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"கண்டீங்களா, இல்லையா?"

"காணல" என்றார் மாமா.

வக்கீல் தன் தாள்களில் எதையோ தேடினார். அவரும் இதற்குத் தயாராக வரவில்லை. "அப்ப... யாராவது சொல்லிக் கேட்டதா?"

"கேட்டதும் இல்ல."

விசாரணை அதிகாரி பேனாவை எடுத்தார். இப்படி எழுதியது எத்தனை என்று கேட்டார். பதின்மூன்று என்றார் மாமா. பதின்மூன்றுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று வக்கீல் கேட்டார். அதற்குள் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. மாமாவிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. அவர் புத்தகங்கள்தான் அவருக்கு அத்தாட்சி.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. அதைத் தமிழாக்கிக் கொடுத்தவளும் நான்தான். இருபத்தாறு வருடப் புத்தகங்களில் எதையும் சாட்சியமாக ஏற்க இயலாது என்று எழுதியிருந்தது. பாதிப் பள்ளவெளி சூளைக்குப் போனது. அதே புத்தகங்களை நம்பி நின்ற வேறு இரண்டு வழக்குகளும் அந்த மாதமே கவிழ்ந்தன. ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது மாமாவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அறிக்கையை எட்டு வருடம் இழுப்பறையில் வைத்திருந்த மேலதிகாரி, அந்த உத்தரவில் கையெழுத்துப் போட அரை நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

லாரிகள் பகலெல்லாம் வந்தன. சாம்பல், உடைசெங்கல், இடித்த கட்டடங்களின் சுவர்த் துண்டுகள். கீழத்தெருவில் வெளுத்த துணி எதையும் வெளியே காயப்போட முடியவில்லை. முதல் மழையில் தண்ணீர் முட்டியளவு வந்தது. இரண்டாவது மழையில் கடைசி வரிசையின் பின்சுவர் நாற்பதடி நீளத்துக்குச் சாய்ந்தது. தையல்காரம்மாவின் இரண்டு மெஷின்களும் மூழ்கின. ஒன்றைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கப் போனவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

அவரைப் பார்க்க மாமா போனபோது நானும் கூடப் போனேன். தையல்காரம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார்.

"பொய்யைப் பேனாவால எழுதத் தெரிஞ்சவருக்கு வாயால சொல்லத் தெரியலையாக்கும். ஒரு வார்த்தை. ஆமாம்னு ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

மாமா வாங்கிப் போன பழங்களை மேசைமேல் வைத்தார். திரும்பி வரும் வழியில் தெருவில் யாரும் அவரை நிறுத்திப் பேசவில்லை. வீட்டுக்குள் சுவரில் தண்ணீர் நின்ற கோடு, நாற்காலிக் கையின் உயரத்துக்குப் பழுப்பாகத் தெரிந்தது.

"எழுதறப்ப எதிர்ல யாரும் இல்ல பாப்பா" என்றார், நான் கேட்காமலே. "அங்க அந்த வக்கீல் என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டார்."

அது போதுமான பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. தையல்காரம்மாவின் இடுப்புக்கு முன்னால் அது போதாது. மாமாவுக்கும் அது தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்திருந்தார். கணுக்காலில் சாம்பல் சேறு. தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம், அவர்கள் மொழியிலேயே எழுத வேண்டும் என்றார். தீர்ப்பில் கொடுத்த எல்லையையும் தாண்டி மண் கொட்டுகிறார்கள். 186ஆம் எண் கல் கழுத்துவரை புதைந்துவிட்டது.

"நீங்க இப்ப வேலையில இல்லையே மாமா."

"கல்லு அங்கதான இருக்கு."

எழுதினேன். கல்லின் நிலை என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"தலை மட்டும் நாலு விரல் வெளிய தெரியுது" என்றார். "தொட்டுட்டுத்தான் வரேன். கண்டதுன்னு எழுது."

இந்த முறை அந்த மொழியில் அதற்கு நெருக்கமான சொல்லையே எழுதினேன். போதாது என்று தோன்றியதால் பக்கத்தில் "கையால் தொட்டு" என்று இன்னும் இரண்டு சொல் சேர்த்தேன்.

பதில் ஐந்து வாரம் கழித்து வந்தது. அதற்கு ஆறு நாள் முன்பே 186 முழுவதுமாக மூடிப்போயிருந்தது. மாமா தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். உறையைக் கிழித்து நீட்டினார். ஒரே வரி. தமிழில் சொன்னேன்.

"தங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி கல்லின் நிலை குறித்துக்கொள்ளப்பட்டது."

"குறிச்சவங்க போய்ப் பாத்தாங்களாமா?"

"அது இதுல இல்ல மாமா."

தாளை என்னிடமிருந்து வாங்கி, வெடித்த கட்டைவிரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்தார். அவரால் படிக்க முடியாத எழுத்து.

"அப்ப கேட்டதுன்னு போட்டிருக்கணும்" என்றார். "கீழ என் பேரை எழுதியிருக்கணும்."