கரடிக்குள் போன ஊசி

"நடக்காத. அங்கேயே நில்லு," என்றார் அண்ணி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அறையிலிருந்து வெளியே வந்து ஒரு காலை ஹாலில் வைத்திருந்தேன். அண்ணி தரையில் மண்டியிட்டுக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு அண்ணி?"

"ஊசி ஒண்ணக் காணோம்."

"டப்பா நிறைய இருக்கே."

"அது இல்ல. நீட்டு ஊசி. கரடிக்குக் கண்ணு வைக்கிற ஊசி."

"சோபாவுக்கு அடியில பாத்தீங்களா?"

"சோபாவையே பொரட்டிப் போட்டாச்சு. காந்தம் வச்சும் தடவிட்டேன்."

"அண்ணன் லோரிக்கு எடுத்துட்டுப் போயிருப்பாரு. லோரி மூடுற கென்வஸ் தைக்க."

"உங்கண்ணன் மொதல்ல ஒரு சட்டை பட்டன் தச்சுக் காட்டட்டும். அப்புறம் பேசு."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் அண்ணி எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கிருந்த பலகைத் தட்டு காலியாக இருந்தது. ஒரு மாதமாக அதில் வரிசையாக உட்கார்ந்திருந்த கரடிகளை முந்தின நாள் மாலைதான் காரில் ஏற்றி அனுப்பியிருந்தோம்.

"நேத்து கடைசியா எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"பெரிய கரடிக்கு. ரெண்டாவது கண்ண இழுத்துட்டிருக்கேன், கேஸ்காரன் வந்து பெல் அடிக்கிறான். எந்திரிச்சுப் போனேன். வந்து கழுத்த மூடித் தச்சிட்டேன்."

"ஊசிய எடுத்துட்டுத்தானே மூடினீங்க?"

"அதான் தாமரை, ஞாபகமே வரல."

அண்ணியின் பெயர் சந்திரகலா. லோரி ஓட்டும் என் அண்ணன் யுகேந்திரனை மணந்து கிள்ளானுக்கு வந்தவர். பக்கத்து ஊரான மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் வேலை. நாள் முழுவதும் ஒரே மாதிரியான கைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத முகமாக எதையாவது செய்ய வேண்டும் அவருக்கு. ஆரத்தித் தட்டுக்கு மணி கோப்பார், குரோஷாவில் தொப்பி பின்னுவார், பழைய போத்தலில் கயிறு சுற்றி வண்ணம் அடிப்பார். ஆனால் ஆசையெல்லாம் கரடி பொம்மைமேல்தான். மஸ்ஜித் இந்தியா கடைகளில் மிச்சத் துணி அள்ளி வந்து, வெட்டி, பஞ்சடைத்து, எல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் காது வைப்பார். காது வந்துவிட்டால் அது கேட்க ஆரம்பித்துவிடுமாம். பிறகு அதன் எதிரில் அண்ணனைத் திட்ட முடியாதாம்.

அண்ணனுக்கும் அவருக்கும் கல்யாணமாகி எட்டு வருடமாகியும் குழந்தை இல்லை. ஒருமுறை கோயிலில் ஓர் ஆன்ட்டி, "பொம்மையே செஞ்சிட்டிருந்தா எப்படிம்மா? உசுரோட ஒண்ணு வேணாமா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். "இதுங்களுக்கு டியூஷன் பீஸ் கட்ட வேணாம் ஆன்ட்டி," என்றார் அண்ணி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தபின் அண்ணி அன்று ஊசியைத் தொடவில்லை.

அந்தக் கரடிகள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அர்ச்சனா வீட்டுக்குப் போயிருந்தன. நகரத்தார் குடும்பம். அன்று மகளுக்கு முதல் பிறந்தநாள். வரும் பிள்ளைகளுக்குச் சின்னக் கரடிகள், பிறந்தநாள் குழந்தைக்குப் பெரிய கரடி. ஆர்டர் கொடுக்க வந்த அன்றே அர்ச்சனா சொல்லியிருந்தார்: இதற்குமுன் பிறந்த குழந்தை தங்கவில்லை. அதனால் மாமியார் இந்தக் குழந்தையை எங்கும் அனுப்புவதில்லை, யார் கையிலும் கொடுப்பதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில், குழந்தையின் பொம்மைக் கழுத்தில் ஊசி. நம்மவர்கள் அதை என்னவென்று நினைப்பார்கள் என்பதை அன்று காலை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

"தையல் பிரிஞ்சிருக்கு, மாத்தித் தரேன்னு சொல்லி வாங்கிடலாமே அண்ணி," என்றேன்.

"எப்ப வாங்குறது? அந்தப் புள்ள எதையும் வாயில வச்சுக் கடிக்கிற வயசு." அவர் தொலைபேசியில் தட்டச்சு செய்தார், அழித்தார், மறுபடி செய்தார். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: 'அர்ச்சனா, நான் வரும்வரை பெரிய கரடியைக் குழந்தையிடம் கொடுக்க வேண்டாம்.' அது போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. யாரும் படித்ததாகக் காட்டவில்லை. அழைத்தாலும் எடுக்கவில்லை.

அண்ணன் லோரியோடு ஜொகூரில் இருந்தார். நாங்கள் கொமுட்டர் ரயிலில் போனோம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை அண்ணி கைப்பையில் வைத்திருந்தார். ஷா ஆலம் தாண்டி ரயில் காரணமில்லாமல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பைக்குள் சாவிக்கொத்து நகர்ந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அண்ணி திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார்.

அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் விருந்து தொடங்கியிருந்தது. பலூன் வளைவுக்குக் கீழே மாமியார் நாச்சம்மை மடியில் குழந்தையை வைத்திருந்தார். குழந்தை பெரிய கரடியின் காதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

அண்ணி ஓடவில்லை. ஓடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பிறகு சொன்னார். நேராக அர்ச்சனாவிடம் போய்க் காதில் பேசினார். அர்ச்சனாவின் முகம் மாறியது. ஆனாலும் சிரித்தபடியே போய், "பாப்பா, கேக் வெட்டுவோமா?" என்று கரடியை வாங்கிக்கொண்டு வந்தார்.

மண்டபத்தின் பின்பக்கச் சமையலறையில் அண்ணி கரடியைக் குப்புறப் படுக்க வைத்துக் காந்தத்தை அதன் முதுகில் ஓட்டினார். ஒன்றுமில்லை. தோளில் ஒன்றுமில்லை. கழுத்துக்கு வந்ததும் கரடியின் தலை தானாகத் திரும்பியது போல் அசைந்தது.

அண்ணி தையலைப் பிரித்தார். பஞ்சுக்குள் விரல் விட்டு இழுத்தபோது ஊசியோடு சிவப்பு நூலும் நீளமாக வந்தது. கண் வைக்க அவர் எப்போதும் வலுவான சிவப்பு நூலைத்தான் எடுப்பார். உள்ளே மறைந்துவிடும் நூல் எந்த நிறமாக இருந்தால் என்ன?

வாசலில் நாச்சம்மை ஆச்சி நின்றுகொண்டிருந்தார்.

"தப்பாயிடுச்சு ஆச்சி. தைக்கும்போது உள்ள விட்டுட்டேன். அதான் ஓடி வந்தேன்," என்றார் அண்ணி.

ஆச்சி ஊசியைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "உனக்குப் புள்ளைக இருக்காம்மா?"

"இல்ல ஆச்சி."

"சரி. சாப்பிட்டுட்டுப் போங்க." கை நீட்டி ஊசியை வாங்கி, டிஷ்யூவில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டார். அண்ணி கேட்டும் திருப்பித் தரவில்லை. நாங்கள் கிளம்பும்போது யாரோ ஒரு கறுப்புக் குப்பைப் பையை எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். மேசையில் இருந்த சின்னக் கரடிகள் எல்லாம் அதற்குள் தலைகீழாகக் கிடந்தன.

அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அர்ச்சனா அழைத்தார், அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நான் நம்பல. டாக்டர் பல்லு முளைக்குதுன்னுதான் சொல்றாரு. ஆனா எங்க மாமியார் அந்த ஊசிய யாரோ மந்திரிக்கிறவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டியிருக்காங்க. நீங்க ஒரு தடவ கோயிலுக்கு வந்து கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டீங்கன்னா..." அர்ச்சனா அழுதார்.

"போவாத," என்றார் அண்ணன். "போனா நீதான் செஞ்சேன்னு ஆயிடும்."

"போகாட்டி மட்டும்?"

"நீ என்ன குத்தம் பண்ணின? எதுக்குப் போகணும்?"

"அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் நான் எந்தக் கோயில்ல போய்ச் சொல்றதுங்க?"

அண்ணி போனார். நானும் கூடப் போனேன். சந்நிதி முன்னால் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்து, மனதறிந்து அந்தக் குழந்தைக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்றார். கை கொப்பளித்தது. அங்கே வந்திருந்த ஆச்சி குங்குமம் கொடுக்கவும் இல்லை, எங்களோடு பேசவும் இல்லை.

மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அர்ச்சனா செய்தி அனுப்பியபோது அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "அப்பாடா," என்றார். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கதை வேறு விதமாகப் பரவியது. செய்வினை வைத்தவளே எடுத்துவிட்டாள் என்றார்கள். அவள் வந்து கையை வைத்த மறுநாளே குழந்தை எழுந்து விளையாடுகிறதே, அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்றார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் நீடித்திருந்தாலும் அவர்மேல்தான் பழி, குணமானதும் அவர்மேல்தான்.

கரடிக்கு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், அம்பாங்கிலிருந்து வருவதாகச் சொல்லி ஒரு பெண் வந்தாள். நன்றாக உடுத்தியிருந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். பைக்குள்ளிருந்து ஓர் ஆணின் சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். துவைக்காத சட்டை.

"இதுல ஒரு கரடி வேணும்க்கா."

அண்ணியின் முகம் மலர்ந்தது. "உங்க வீட்டுக்காரரோடதா? ஞாபகத்துக்கா?"

"அவருதுதான். உசுரோடதான் இருக்காரு, இப்ப இன்னொருத்திகூட." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வைக்கிறது பலிக்குதுன்னு சொன்னாங்க. எவ்வளவு ஆனாலும் பரவால்லக்கா."

அண்ணி சட்டையைக் கையால் தொடாமல் மேசைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி அவளிடம் கொடுத்தார். அவள் போனபின் கதவைத் தாழிட்டார். வாசலில் நெடுநேரம் அவளுடைய கார் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு பேர் வந்தார்கள். பெல் அடித்தால் அண்ணி சமையலறைக்குள் போய்விடுவார். மிச்சத் துணியையெல்லாம் அண்ணன் ஒரு நாள் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே கொட்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகி நான் கிள்ளானிலேயே வேறு பக்கம் போய்விட்டேன். கதை என் மாமியார் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை, அவ்வளவுதான். நான் உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்த அன்று அண்ணி மீன்கறியும் சோறும் கட்டிக்கொண்டு வந்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மாமியார் துணி காயப்போட வெளியே போனதும் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"தாமரை, ஒண்ணு கேக்குறேன். மாட்டேன்னு சொல்லாத."

"சொல்லுங்கண்ணி."

"புள்ள பொறந்ததும் வந்து பாப்பேன். தூக்கவும் ஆசையாத்தான் இருக்கும். ஆனா என் கையில குடுத்துட்டு நீ அந்தாண்ட இந்தாண்ட போயிடாத லா. நான் புள்ளகூட இருக்கிற நேரமெல்லாம் சாட்சிக்கு இன்னொரு ஆளு பக்கத்துல இருக்கணும்."