மொட்டையடித்தவர்

“நிதானமான கை, ஓரிடத்தில் அமர்ந்து பணியாற்றும் இயல்பு.” நிதாய் கர்மகாரின் ஒப்பந்தத்தில் தேவையான தகுதிகள் இவை. வருடாவருடம் அதில் கையெழுத்திடும்போதே அவர் முழங்கால் மேசையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

கொல்கத்தாவின் ஓர் ஆய்வகத்தில் பதினொரு ஆண்டுகளாகக் கிருமி வளர்க்கிறார். பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவார். நாலு மணிக்கு எல்லோருக்கும் பொரி கலப்பவரும் அவரே. கடுகெண்ணெய் விட்டு அவர் டப்பாவைக் குலுக்குகிற வேகத்தில் பச்சை மிளகாய்க்கே காரம் இறங்கிவிடும் என்று பேச்சு.

சிறுநீர்த் தொற்றுக் கிருமிக்கு உடம்பெல்லாம் ரோமம். ரோம நுனியில் கொக்கிபோல ஒரு புரதம். அதை மாட்டித்தான் சிறுநீர்ப்பைச் சுவரில் தொற்றிக்கொள்கிறது. இழுக்க இழுக்கப் பிடி இறுகும். ஒரு நிமிடம் தரிக்காத மனிதரிடம், விட்டுப்போகவே தெரியாத பிராணியை ஒப்படைத்திருந்தார்கள்.

சோதனை எளிது. கண்ணாடிச் சில்லில் ஈஸ்ட் ஒரு சொட்டு, கிருமி ஒரு சொட்டு. ஒட்டினால் பால் திரிந்ததுபோல் கட்டி கட்டும். புதிய நோயாளிகளின் கிருமி மூன்று வாரமாகக் கட்டவில்லை. அடுத்த அறையில் வேறொருவர் தயாரித்த பழைய கிருமியோ ஒழுங்காகக் கட்டியது.

“நிதாய்தா, பால் திரிஞ்சு சானா ஆச்சா?” என்பார் ஆய்வாளர் சுதேஷ்ணா.

“எங்க திதி! பால் பாலாவே நிக்குது. இன்னைக்கும் சந்தேஷ் இனிப்பு கிடையாது.”

புதிய கிருமி கொக்கியையே இழந்துவிட்டது என்று சுதேஷ்ணா கட்டுரை எழுதி முடித்தார். வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டும்.

வியாழன் காலை மின்சாரம் போயிற்று. மூன்று வாரம் முன்பு வந்த குலுக்கும் இயந்திரம் நின்றது. நிதாய் சலிப்போடு கிருமிக் குழாயைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிச் சொட்டுவிட்டார். கட்டி கட்டியது. இன்னொரு குழாய், அதுவும் கட்டியது. செய்முறைத் தாளில் ‘மெல்லக் கலக்கவும்’ என்றிருந்ததை அப்போதுதான் படித்தார். இயந்திரத்தில் அவர் நாலு நிமிடம் பிடிப்பது வழக்கம். அதில் ரோமமெல்லாம் முறிந்து உதிர்ந்திருக்கிறது.

அறையில் வேறு யாருமில்லை. சில்லைக் கழுவிவிட்டிருக்கலாம். எடுத்துக்கொண்டு நடந்தார்.

“திதி, கிருமிக்கு ஒரு கொறையும் இல்ல. மொட்டையடிச்சது நான்தான்.”

“மூணு வாரமாவா?”

“ஒரு நாள் விடாம.”

சுதேஷ்ணா கட்டுரையைக் கவிழ்த்து வைத்தார். “இந்த மாசம்தான உங்க ஒப்பந்தம் முடியுது?” என்றார்.

“ஆமா. என் காலு ஆடுறதப் பாத்தாலே தெரியலியா?”

“பதிவேட்டுல காரணம்ங்கிற கட்டத்துல கருவிக் கோளாறுன்னு எழுதிடுங்க, நிதாய்தா. யாரும் கேக்கமாட்டாங்க.”

நிதாய் பதிவேட்டைத் திறந்து, அந்தக் கட்டத்தில் தன் முழுப் பெயரை எழுதினார்.